கிராமக் கைத்தொழிற் பெரியார் ஜே. ஸி. குமரப்பா

நம் நாட்டின் வறுமையைப் பற்றி மேடையேறிப் பேசினோர் பலர். அவ்வறுமையை ஊர்தோறுஞ் சென்று, வீடுவீடாகக் கேட்டு, ஏட்டில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் தஞ்சையிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா ஆவர். காந்தியடிகளோடு உடனின்று உழைத்த பெரியோர்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் நம் பிள்ளைகளுள் இவர் பெயரை அறிந்தார் அரியர். நெல் குத்துதல், எள் ஆட்டுதல், மாவரைத்தல், பதநீர் காய்ச்சுதல் என்னும் எளிய தொழில்களுக்காகத் தம் வாழ்நாளின் பிற்பாதி முழுவதையும் ஈந்த ஒருவர், பெரும்போர்களும் பெருங்கூட்டங்களும் நிறைந்த சரித்திரப் புத்தகத்தில் இடம் பெறாமற் போனது வியப்பன்று. நம் சங்கத்து அன்பர்களிற் பலர், தத்தம் வீட்டு முற்றத்தில் உரலும் ஊர்ப்புறத்திற் செக்கும் ஓய்வின்றி இயங்கிய காலத்தை மூத்தோர் வாயிலாகக் கேட்டிருப்பர். அவை எங்ஙனம் போயின, போகும்போது எவற்றை உடன்கொண்டு போயின என்பதை இலக்கமிட்டுக் காட்டியவர் இவரே. ஆதலின் இவர் வரலாறு நம் குடும்பங்கட்கு அயலான கதையன்று.

1892ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4ஆம் நாள் தஞ்சை மாநகரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் இவர் தோன்றினார். தந்தையார் சாலமன் துரைசாமி கார்னீலியஸ், பொதுமராமத்து இலாகாவில் உத்தியோகம் வகித்தவர். தாயார் எஸ்தர் இராஜநாயகம் அம்மையார், இறையன்பும் ஈகையும் மிக்கவர். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது. குமரப்பா என்பது இவர்தம் முன்னோர் பெயர். அதனை இவரும் உடன்பிறந்தாரும் பின்னாளில் மீட்டும் மேற்கொண்டனர். உடன்பிறந்தாருள் பாரதன் குமரப்பாவும் கிராமத் தொண்டில் இவரோடு உழைத்தவர். இளமையில் சென்னை டவ்டன் பள்ளியிற் பயின்று, பின்னர் இலண்டன் சென்று கணக்குத் தணிக்கைத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். முதல் உலகப் போர் முடியுமளவும் அங்கேயே தொழில் புரிந்து, 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயிற் குடியேறினார். அந்நகரில் இவர் கூட்டாக நடத்திய தணிக்கை நிலையம் நற்பெயர் பெற்று விளங்கியது. ஐரோப்பிய உடை, ஐரோப்பிய உணவு, ஐரோப்பிய நண்பர் என வாழ்ந்த அக்காலத்து இவரைக் கண்டவர், இவர் ஒரு நாள் தவிட்டின் பெருமையைப் பேசுவார் என்று கனவிலும் கருதியிரார்.

1927இல் அமெரிக்கா சென்று ஸிரக்யூஸ் கலாசாலையில் வாணிக நிர்வாகப் பட்டமும், அதன்பின் நியூயார்க்கிலுள்ள கொலம்பியாக் கலாசாலையில் பொருளாதாரத்தில் எம். ஏ. பட்டமும் பெற்றார். அங்கிருந்தபோது ஒரு தேவாலயத்தில், இந்தியா ஏன் வறிய நாடாயிற்று என்பது குறித்து இவர் ஆற்றிய சொற்பொழிவு செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ணுற்ற இவர் ஆசிரியர் ஸெலிக்மன் என்பார், ஆராய்ச்சிக்கு வேறு பொருள் வேண்டா, இதனையே எடுத்துக்கொள்க எனப் பணித்தார். சர்க்கார் வரியாக வாங்கியது எவ்வளவு, அதனுள் குடிகள் நன்மைக்குச் செலவிட்டது எவ்வளவு என ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்க்கப் புகுந்த குமரப்பாவின் மனம் அவ்வேலையினூடே மாறிற்று. பிறர் சொல்லக் கேட்டுத் தேசபக்தர் ஆனவர் உளர். பேரேட்டைப் புரட்டித் தேசபக்தர் ஆனவர் இவர்.

அக்கையெழுத்துப் பிரதியை அச்சிடுமுன் காந்தியடிகளிடம் காட்ட வேண்டும் என்று விரும்பி, 1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமம் சென்றார். குறித்த நேரத்திற்குச் சற்று முன்னரே புறப்பட்டு, கைத்தடியும் மேனாட்டு உடையுமாக நடந்தவர், ஒரு மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் முதியவர் ஒருவர் இராட்டை சுழற்றிக்கொண்டிருக்கக் கண்டார். இராட்டையை முன்னர்க் கண்டறியாதவராதலின் வேடிக்கையாக நின்று பார்த்தார். சிறிது நேரஞ் சென்றபின் அம்முதியவர், வந்திருப்பவர் குமரப்பாதானோ என வினவவே, இவரே காந்தியடிகள் போலும் என அப்போதுதான் உணர்ந்தார். இறுகத் தைத்த காற்சட்டை கசங்குவதையும் பாராமல் தரையில் அமர்ந்துவிட்டார். அவருக்கென ஆசிரமத்தார் நாற்காலி கொணர்ந்தபோது அதனை வேண்டாவென மறுத்தார். அந்நூல் அடிகளின் யங் இந்தியாப் பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்தது.

வறுமைக்குக் காரணம் எழுதினால் மட்டும் போதுமோ, வறியவனைப் போய்ப் பார்க்க வேண்டாவோ என்பது அடிகளின் கருத்து. ஆகவே குஜராத் வித்யாபீடத்தின் சார்பில் கேடா ஜில்லா மாதர் தாலுகாவை ஆராயும் பொறுப்பு குமரப்பாவிடம் ஒப்புவிக்கப்பட்டது. குஜராத்தி மொழி அறியாத தமிழர், மாணவர் சிலரைத் துணைக்கொண்டு, 54 கிராமங்களில் ஒவ்வொரு குடியின் நிலம், மாடு, கடன், உணவு, உடை ஆகியவற்றைக் கேட்டெழுதினார். 1931இல் வெளியான அவ்வறிக்கை, இந்நாட்டில் கிராமப் பொருள்நிலையை நேரிற் கண்டு எழுதிய முன்னோடி நூல்களுள் ஒன்று. வயலில் வேலையில்லாத மாதங்களில் ஊரார்க்கு வேறு தொழில் இல்லை என்பதையும், முன்பு இருந்த கைத்தொழில்கள் ஒவ்வொன்றாக நகரத்து ஆலைகட்குப் போய்விட்டன என்பதையும் அவர் அங்கே கண்ணாரக் கண்டார். பிறகு செய்ததெல்லாம் அக்காட்சியின் விளைவே என்னலாம்.

உப்புச் சத்தியாக்கிரக காலத்தில் அடிகள் சிறை சென்றபின் யங் இந்தியாவில் எழுதி அதனை நடத்தியமைக்காக இவரும் சிறைப்பட்டார். 1932இல் மீண்டும் சிறை. அவ்விவரங்களை விரிப்பின் பெருகும். 1934ஆம் ஆண்டு பீகாரில் நிலநடுக்கத்தால் பேரழிவு நேர்ந்தபோது இராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரண நிதிக்கு இவர் கணக்குப் பார்த்தார். தொண்டர்களின் அன்றாட உணவுக்கு மிகக் குறைந்த படியை வகுத்து, அதற்கு மேல் ஒரு காசும் தர மறுத்தார். அங்கு வந்த காந்தியடிகளின் கூட்டத்தார் செலவைக்கூட அந்நிதியிலிருந்து கொடுத்தற்கில்லை என மறுத்துவிட்டார் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். அடிகள் அதனைக் கேட்டு மகிழ்ந்தார் என்பதிலிருந்தே இருவர் பண்பும் விளங்கும். பொதுப்பணம் கையாளும் சங்கங்கள் யாவும், நம்முடையது உட்பட, இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பது நன்று.

அவ்வாண்டு இறுதியில், அதாவது 1934 டிசம்பரில், காங்கிரஸ் மகாசபையின் தீர்மானப்படி அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவில் நிறுவப்பெற்றது. ஸ்ரீகிருஷ்ணதாஸ் ஜாஜு தலைவராகவும், குமரப்பா அமைப்பாளராகவும் காரியதரிசியாகவும் அமர்ந்தனர். ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டமும் வீடும், மறைந்த மகன்லால் காந்தியின் பெயரால் மகன்வாடி எனப் பெயர் பெற்றன. பம்பாயிற் பெரும்பொருள் ஈட்டிய தணிக்கையாளர், செக்கும் உரலும் தேன்கூடும் நிறைந்த அத்தோட்டத்தைத் தம் வாழ்விடமாக்கிக்கொண்டார்.

அங்கே நடந்தது என்னை? முதலில் நெல்லை எடுத்துக்கொள்வோம். நெல் 100 பங்கு எடையாயின் உமி ஏறக்குறைய 20 பங்கு, தவிடு 8 பங்கு, எஞ்சியது அரிசி. உரலிற் குத்தினால் உமி நீங்கும். தவிட்டின் ஒரு பகுதி அரிசியிலேயே ஒட்டிநிற்கும். நீங்கிய தவிடும் வீட்டிலேயே தங்கி மாட்டுக்கும் கோழிக்கும் தீனியாகும். அக்காலத்து ஊர் ஆலையிலோ அரிசி வெண்முத்துப்போல் தீட்டப்படும். தவிடு அரைபட்ட உமியோடு கலந்து கெடும். தீட்டிய அரிசியையே உண்போர்க்குக் கால் வீங்கி நரம்பு தளரும் பெரிபெரி நோய் வரும் என்பதை ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர் 1890களிலேயே கண்டறிந்திருந்தார். அதன்பொருட்டு 1929இல் நோபல் பரிசும் பெற்றார். தவிட்டில் உள்ள தையமின் என்னும் சத்து நீங்குதலே அந்நோய்க்குக் காரணம். சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் ஜில்லாக்களில், ஆலையிற் குத்திய பச்சரிசி உண்டோரிடையே அந்நோய் பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட நம் பக்கத்தார் பெரும்பாலும் தப்பினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதே அதற்கு ஏது. நம் பாட்டிமார் சத்தின் பெயர் அறியார். அண்டாவில் நெல் அவிக்க அறிவர்.

நெல் குத்தும் வேலை பெண்மக்களின் தோளையும் முதுகையும் ஒடிப்பது. அதனைத் திண்ணையில் அமர்ந்தபடி புகழும் ஆடவர் ஒரு நாள் உலக்கை பிடித்துப் பார்க்கலாம். குமரப்பா இவ்வருத்தத்தை அறியாதவரல்லர். மரத்தாலும் கல்லாலும் களிமண்ணாலும் இயன்ற உமி நீக்குந் திரிகைகளை மகன்வாடியார் பரப்பினர். இவை கையாற் சுழற்றத் தக்கவை. உமியை மட்டும் நீக்கி அரிசியைத் தீட்டாமல் விடுவன. ஊர்த் தச்சனும் குயவனுமே செய்து தரத் தக்கவை. உழைப்பு குறைய வேண்டும். ஆயின் உழைப்பவளின் பிழைப்புப் போகலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே காக்குங் கருவியைத் தேடுவதே அங்கு நடந்த ஆராய்ச்சி.

அடுத்து எண்ணெய். இதிலேதான் குமரப்பாவின் கணக்கறிவு முழுதும் வெளிப்பட்டது. ஊரில் விளைந்த எள்ளும் கடலையும் ஊர்ச்செக்கில் ஆடின், எண்ணெய் அடுப்புக்கும் விளக்குக்கும், பிண்ணாக்கு மாட்டுக்கும், மாட்டுச்சாணம் வயலுக்கும் போய்ச் சேரும். உழவில்லாத நாளில் எருது செக்கிழுக்கும். செக்காடுங் குடி பிழைக்கும். செக்குச் செய்யுந் தச்சனுக்கும் வேலை உண்டு. அவ்வித்து மூட்டையாகக் கட்டப்பட்டு இரயிலேறின் எண்ணெய் ஒன்று மட்டும் விலைப்பொருளாகத் திரும்பி வரும், மற்றவை திரும்பா. ஆலை முதலாளியின் பேரேட்டில் எண்ணெய்யின் அடக்கவிலை குறைவாகவே தெரியும், ஐயமில்லை. ஆனால் ஊர் இழந்த பிண்ணாக்கும், வாடிய மாடும், உரமற்ற வயலும், வேலையற்றுப் பட்டணம் புகுந்த குடும்பமும் அப்பேரேட்டில் எந்தப் பக்கத்திற் பதியப்பட்டன? பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை. பாதிச் செலவை மறைத்தெழுதிய கணக்கில் கையெழுத்திடும் தணிக்கையாளர் எவரும் இலர் அன்றோ? குமரப்பாவும் கையெழுத்திட மறுத்தார். அவர் நூல்கள் அனைத்தின் சாரமும் இதுவே என்பது என் துணிபு.

பழைய செக்கே போதும் என்று அவர் இருந்துவிடவும் இல்லை. ஜவேர்பாய் படேல் என்னும் தொண்டர் மகன்வாடியிற் செக்கின் அமைப்பை நுணுகி ஆராய்ந்து, ஒரு முறையில் மிகுதியான வித்தை ஆட்டவும், குறைந்த நேரத்தில் கூடுதல் எண்ணெய் எடுக்கவும் இயலுமாறு திருத்தினார். அத்திருத்திய செக்கு வார்தாச் செக்கு என்னும் பெயரால் நாடெங்கும் பரவியது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகச் செக்கெண்ணெய்யால் எரியும் மகன்தீபம் என்ற விளக்கும் அங்கே தோன்றியதே. இந்நாளில் சென்னை, கோவை முதலிய நகரங்களில் மரச்செக்கு எண்ணெய் என்று பலகையிட்டு உயர்ந்த விலைக்கு விற்கின்றனர். அச்செக்குகளிற் பெரும்பாலன மின்சாரத்தாற் சுழல்வன; வித்து ஊரை விட்டு நகரத்துக்கு வருகின்றது; பிண்ணாக்கும் நகரத்திலேயே விலையாகின்றது. வாங்குவோர் உடல்நலம் பெறுக. குமரப்பாவின் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.

மூன்றாவது, பனை. 1932இல் சர்க்கார் சர்க்கரை ஆலைகட்குக் காப்புவரிச் சட்டம் செய்தபின், ஏறத்தாழ 30 ஆக இருந்த ஆலைகள் நான்கைந்து ஆண்டுகளில் 130 அளவிற்குப் பெருகின. கரும்புக்கு நல்ல நிலமும் மிகுந்த நீரும் வேண்டும். அவ்விரண்டும் நெல்லுக்கும் வேண்டுவன. பனையும் ஈந்தும் எவரும் உழாத தரிசில், எவரும் நீர் வார்க்காமல் வளர்வன. அவற்றின் சாற்றிலிருந்து இனிப்பை எடுத்துக்கொண்டு நன்செய்யை உணவுத் தானியத்திற்கு விட்டால் நாடு இருவகையிலும் பயன்பெறும் என்று குமரப்பா எழுதினார். கஜானன் நாயக் என்பார் இத்தொழிலை மகன்வாடியில் வளர்த்தார். நம் தென்பாண்டி நாட்டார்க்குக் கருப்பட்டி புதிதன்று. கலயத்திற் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கவும், வட்டையிற் காய்ச்சிச் சிரட்டையில் வார்க்கவும் அறிந்தோர் அங்குத் தலைமுறை தலைமுறையாக உளர். 1937 அக்டோபரில் இராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, கள்ளிறக்கிப் பிழைத்தோர் இனி என் செய்வர் என்னும் கேள்வி எழுந்தது. அவர்கட்குப் பதநீரும் வெல்லமும் ஒரு வழி காட்டின.

1938 டிசம்பரில் மகன்வாடியில் கிராமக் கைத்தொழிற் காட்சிச்சாலையைக் காந்தியடிகள் திறந்துவைத்தார். அக்காலத்தே மத்திய மாகாண சர்க்காரின் வேண்டுகோட்படி குமரப்பா தலைமையில் ஒரு குழு, 600க்கு மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்து அறிக்கை தந்தது. காங்கிரஸ் நிறுவிய தேசியத் திட்டக் குழுவில் இவரும் அங்கம் பெற்றார். பேராலைகளே அங்குப் பேச்சாயிருக்கக் கண்டு சில மாதங்களுக்குள் விலகிவிட்டார். இவர் எந்திரங்களுக்கெல்லாம் பகைவர் எனச் சிலர் கூறியது பொருந்தாது. கருவி செய்தற்கும், மின்சாரம், போக்குவரத்து முதலிய பொதுவசதிகட்கும் பெருந்தொழில் வேண்டுமென்றும், அவை பொதுவுடைமையாக இருத்தல் வேண்டுமென்றும் இவர் ஒப்பினார். அன்றாடம் உண்பதும் உடுப்பதும் ஊரிலேயே ஆகட்டும் என்பதே இவர் கேட்டது. எனினும் வாதத்திற் கடுமையும், இணங்கிப் போகாத தன்மையும் இவரிடம் இருந்தன. அவற்றால் உடன்பட்டிருக்கக் கூடிய சிலரும் ஒதுங்கினர் எனின் அது தவறாகாது.

யுத்தகாலத்தில் சர்க்கார் காகித நாணயத்தை அச்சிட்டுக் குவித்து, அதனைக் கொடுத்துக் குடியானவனிடம் தானியம் வாங்கியது. உணவைக் கொடுத்தவன் கையில் கல்லை வைப்பது போன்ற செய்கை இது என்று குமரப்பா தம் பத்திரிகையில் எழுதினார். மீண்டும் சிறைப்பட்டு ஜபல்பூரில் இருந்தார். நிலைபேறான பொருளாதாரம் பற்றிய அவரது பெருநூலும், ஏசுபெருமானின் வாழ்வும் வாக்கும் பற்றிய நூலும் அங்கு எழுதப்பட்டவை. இயற்கையிற் பொருளீட்டும் முறைகளை அவர் படிப்படியாக வகுத்துக் காட்டினார். கொன்று தின்னும் புலி, தான் நடாத மாமரத்திற் கனி கவரும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்திற்கெனத் தேன் சேர்க்குந் தேனீ, குஞ்சுக்கு இரை தேடும் தாய்ப்பறவை என அவ்வரிசை மேலேறும். அடிகள் இந்நூலைப் பாராட்டி முன்னுரை வழங்கினார். இவரைக் கிராமக் கைத்தொழில் டாக்டர் என்று விளையாட்டும் வினையுமாக அழைத்துப் பட்டமும் சூட்டினார்.

நாடு விடுதலை பெற்றபின் காங்கிரஸ் நியமித்த நிலச்சீர்திருத்தக் குழுவிற்குக் குமரப்பா தலைவரானார். உழுபவனுக்கே நிலம், இடைத்தரகர் ஒழிவு, நில உச்சவரம்பு, குத்தகைப் பாதுகாப்பு ஆகியவற்றை வற்புறுத்திய அவ்வறிக்கை 1949இல் வெளிவந்தது. அதன் பெரும்பகுதி ஏட்டளவில் நின்றது. பேரணைகளும் பேராலைகளும் நாட்டின் நோக்கமாயின. அவர் புகழ்பெற்ற நண்பர்கள் பலர் மந்திரிகளாய் அமர, அவரோ வார்தாவை அடுத்த ஸெல்டோவில் பண்ணை ஆசிரமம் என்று தமிழ்ப்பெயர் இட்டு உழவு செய்து பார்த்தார். 1953இல் கதர் கிராமக் கைத்தொழில் வாரியமும், அதன் வழியே 1957இல் கமிஷனும் சர்க்காரால் அமைக்கப்பட்டன. மகன்வாடியிற் கண்ட செக்கும் திரிகையும் தேன்பெட்டியும் அவற்றின் பட்டியலில் இடம் பெற்றன. சர்க்கார் உதவியில் நிற்கும் கைத்தொழில் தன் காலில் நில்லாது என்ற அச்சம் குமரப்பாவை விடவில்லை.

குருதியழுத்த நோயால் உடல் தளர்ந்தபின் தமிழ்நாட்டிற்கே மீண்டு, மதுரை ஜில்லா டி. கல்லுப்பட்டியில் கோ. வேங்கடாசலபதி 1940இல் நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஒரு சிறு குடிலில் தங்கினார். மணம் புரியாதவர், சொத்துச் சேர்க்காதவர். அக்குடிலின் சுவரில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழை உழவனின் படமும் இருந்ததாகவும், வந்தவர்க்கு அடிகளைத் தம் தலைவர் என்றும், உழவனைத் தம் தலைவரின் தலைவர் என்றும் அவர் காட்டுவார் எனவும் சொல்லப்படுகின்றது. சென்னையில் வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றிருந்த அவர், 1960ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகள் மறைந்து சரியாகப் பன்னீராண்டு நிறைந்த அன்று, தம் அறுபத்தெட்டாம் வயதில் உயிர் நீத்தார்.